தென்னை நிழலில் தீவு விருந்து: வீட்டு முற்றத்தில் நடத்தும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு எங்கள் வட்டாரத்தின் தோற்றம் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபக்கம் தென்னை, இடையிடையே தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறியவர்கள் வாங்கிக் குடியேறிய தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள். சென்ற ஆண்டு இத்தகைய வீடொன்றில் நடந்த பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தேன். தீவுக் கடற்கரையைப் போல் முற்றத்தை அலங்கரிக்க வேண்டும் என்று விரும்பிய வீட்டார், நெகிழிப் புல் பாவாடைகளையும் நெகிழிப் பூமாலைகளையும் அட்டையில் செய்த தென்னை மரங்களையும் பணம் கொடுத்து வாங்கி வந்திருந்தார்கள். அந்த அட்டை மரங்களைக் காற்றில் விழாதபடி வாசலில் நின்ற உண்மையான தென்னையோடு கயிற்றால் கட்டியிருந்ததைக் கண்டபோது எனக்கு மனம் வருந்தியது. ஆசையில் குறை இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் கொல்லையிலும் சமையற்கட்டிலும் சந்தையிலும் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முப்பது பேரை அழைத்து நடத்தக்கூடிய ஒரு தீவு விருந்துக்கான வழிமுறைகளை, நான் இரண்டு முறை நடத்திக் கற்றுக்கொண்டதை வைத்து இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தீவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"வெப்பமண்டலத் தீவு" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் விருந்துக்கு முகம் இல்லாமல் போகும். ஒரே ஒரு தீவை மனத்தில் நிறுத்திக்கொண்டால், சமைப்பது எது, தொங்கவிடுவது எது, எந்தப் பாட்டை ஒலிக்கவிடுவது என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

பலரும் முதலில் நினைப்பது ஹவாய். அதில் தவறில்லை, ஆனால் ஹவாயின் அடையாளம் என்று நாம் நினைக்கும் செடிகளில் பெரும்பகுதி நம் பக்கத்திலிருந்து போனவை என்பதை அறிந்துகொண்டு செய்தால் விருந்தின் சுவை கூடும். பாலினேசிய மக்கள் பெருங்கடலைத் தோணிகளில் கடந்து ஹவாயில் குடியேறியபோது, வாழத் தேவையான செடிகளைக் கூடவே கொண்டு சென்றார்கள். தென்னை, வாழை, சேம்பு, கரும்பு, மஞ்சள் ஆகியவை அவற்றுள் அடங்கும். நாம் சம்பால் என்ற மிளகாய் விழுதுக்கு அரைக்கும் பூவா கெராஸ் (candlenut) கொட்டையைத்தான் அங்கே குகுய் என்று சொல்லி, மெருகேற்றி மாலையாகக் கோத்து அணிகிறார்கள். ஹவாய் மாநிலத்தின் மரமும் அதுதான். அங்கே உணவைப் பொதிவதற்கும் மாலை கட்டுவதற்கும் பயன்படும் கீ என்ற இலை, நம் வீட்டு வேலியோரங்களில் சிவப்பும் பச்சையுமாக நிற்கும் ஜெஞ்சுவாங் செடியின் இலையே. லூஆவ் என்று விருந்தையே அழைக்கிறார்களே, அந்தச் சொல்லின் பொருள் இளஞ்சேம்பின் இலை. இதற்கு மாறாக, ஹவாய் என்றவுடன் எல்லோர் நினைவிலும் எழும் அன்னாசிதான் தென்னமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த பழம்.

பெரியவர்கள் கூடும் விருந்தாக இருந்தால் நான் ஃபிஜியைத் தேர்ந்தெடுப்பேன். 1879ஆம் ஆண்டு மே மாதம் லியோனிடாஸ் என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோய் இறக்கியது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்கள் வெட்டியது கரும்பு, நம் பாட்டன்மார் சீவியது ரப்பர்ப் பால்மரம், கதை ஒன்றுதான். நாடி நகரில் இன்றும் முருகனுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. இதைச் சோறு பரிமாறும்போது இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாக்கள் தங்கள் குடும்பத்துக் கப்பல் கதைகளைத் தாமாகவே தொடங்குவார்கள்.

சிறுபிள்ளைகள் நிறைந்த விருந்துக்குத் தொலைதூரத் தீவு வேண்டாம். லுமுட்டிலிருந்து படகேறிப் பார்த்த பங்கோர் தீவையோ, பாகான் டத்தோவுக்கு அப்பால் கடலில் இருக்கும் பூலாவ் செம்பிலானையோ எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தாங்கள் பொறுக்கி வைத்திருக்கும் சிப்பிகளையும் எடுத்த படங்களையும் கொண்டு வந்து அலங்காரத்தில் சேர்ப்பார்கள்.

எந்தத் தீவைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். கடைகளில் விற்கும் மரமுகங்களும் "டிக்கி" பொம்மைகளும் பாலினேசிய மக்களின் மூதாதையர், தெய்வ உருவங்களைப் பார்த்து, 1930களில் கலிபோர்னியாவில் தோன்றிய மதுக்கூடங்கள் பரப்பிய அலங்காரங்கள். நம் முனியாண்டி சிலையை யாராவது மேசை அலங்காரமாக வைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

நாளும் நேரமும்

சம்பளம் கைக்கு வந்தபின் வரும் முதல் சனிக்கிழமை, தோட்டத்தைச் சார்ந்த ஊர்களில் எல்லோருக்கும் வசதியானது. சட்டப்படி முந்திய மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளலாம். புரட்டாசி மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மாதச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பவர்கள் மீன் சுடும் வாசனையில் உட்கார்ந்திருக்க நேரும்.

மழையைப் பொறுத்தவரை, மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். நான் முதல்முறை நடத்திய விருந்து அக்டோபரில் அமைந்தது. மூன்று மணிக்கு விருந்தினரை வரச் சொல்லியிருந்தேன்; நான்கு மணிக்கு முற்றம் குளமாயிற்று; இலைத் தோரணங்களும் பாய்களும் நனைந்து, முப்பது பேரும் கார் நிறுத்துமிடத்தில் நெருக்கி நின்றார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்தரைக்கு முன்னால் யாரையும் அழைப்பதில்லை. கூடாரம் வாடகைக்குக் கிடைத்தால் எந்த மாதமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அடுப்புக்கும் உணவு மேசைக்கும் மட்டுமாவது கூரை இருக்க வேண்டும்.

ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழேகால் அளவில் பொழுது சாய்ந்து விளக்குகள் அழகாகத் தெரியும். அதே நேரத்தில் மஃரிப் தொழுகைக்கான அழைப்பும் ஒலிக்கும். பாட்டை நிறுத்திவிட்டு அந்த இடைவெளியை உணவு மேசையை ஒழுங்குபடுத்தப் பயன்படுத்துங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு வாரம் முன்பாகவே நேரில் சென்று சொல்லி, முடிந்தால் அழைத்தும் விடுவது நம் வழக்கம்தான்.

முற்றம்

அலங்காரத்தின் உயிர் தென்னங்குருத்தோலை. விரியாத இளம் குருத்தின் வெளிர்மஞ்சள் நிறத்தை எந்த நெகிழியாலும் கொண்டுவர முடியாது. ஒரு மரத்தில் குருத்தை வெட்டினால் அந்த மரம் பாதிக்கப்படும் என்பதால், எப்படியும் வெட்டப்படப்போகும் மரத்திலிருந்தோ, கோயில் தோரணத்துக்கு ஓலை கொண்டுவருபவரிடமிருந்தோ வாங்கிக்கொள்ளுங்கள். முந்திய நாள் மாலையில் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் மடிப்பதற்கு வளைந்து கொடுக்கும்.

தோரணம் மடிக்கத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு தோட்டத்துக் குடும்பத்திலும் இருப்பார். அவரை அழைத்து உட்கார வைத்து, பிள்ளைகளை அவரைச் சுற்றி உட்கார வையுங்கள். கெத்துப்பாட் சோற்றுக்கான ஓலைக் கூடு பின்னத் தெரிந்த மலாய் அண்டை வீட்டார் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மங்கலத் தோரணத்தில் குருவி எனப்படும் ஓலை மடிப்புகள் நான்கு மேல்நோக்கி இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் கீழ்நோக்கி இருக்கும். இணையப் படங்களைப் பார்த்து மடிக்கும் இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருவர் எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

செம்பனை மட்டையும் பார்வைக்கு அழகானது. மூன்று நான்கு மட்டைகளைச் சுவரில் சாய்த்தால் பின்னணி முழுவதும் நிறைந்துவிடும். ஆனால் அதன் காம்பில் முட்கள் இருப்பதால் அடிப்பகுதியை முழுவதும் சீவிவிட வேண்டும். தோட்டத்தில் வெட்டி அடுக்கியிருக்கும் மட்டைக் குவியலுக்குள் கைவிட்டு இழுக்காதீர்கள். பாம்பும் தேளும் தங்கும் இடம் அது என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், தாமானில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. மண்டோரிடம், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரிடம், கேட்டு, அன்றைக்கு வெட்டிய மட்டையை வாங்கி வருவதே முறை.

கடலுக்குப் பழைய நீலப் புடவைகள் போதும். கரு நீலம், மயில் நீலம், வெளிர் நீலம் என்று மூன்று புடவைகளை வேலியோரம் அலை போலத் தளர்த்திக் கட்டினால், மாலைக் காற்றில் அவை அசையும் அழகே தனி. தரையில் மணல் கொட்ட வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிடும், வடிகாலையும் அடைக்கும். தாழையிலையில் பின்னிய மெங்குவாங் பாய்களை விரித்து, தாழ்வான மேசைகளில் வாழையிலையைப் பரப்பி, மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டால் போதும்.

வெளிச்சத்துக்கு நோன்புப் பெருநாள் சமயத்தில் ஏற்றும் மூங்கில் பெலித்தாக்கள், அதாவது எண்ணெய் விளக்குகள், மிகப் பொருத்தமானவை. அவற்றை ஓலை, புடவை ஆகியவற்றிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள். காய்ந்த ஓலை நொடியில் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் ஓடும் வழியில் சரவிளக்குகளை மட்டும் தொங்கவிடுங்கள். கொசுவர்த்தியைப் பொழுது சாயும் முன்பே மேசைகளுக்கு அடியில் ஏற்றிவிடுவதோடு, மின்விசிறி ஒன்றையும் கால்பக்கம் ஓடவிட்டால் கொசுத் தொல்லை பெரிதும் குறையும்.

பூவும் மாலையும்

ஹவாயில் லெய் என்ற மாலை, வருபவரை அன்போடு வரவேற்கும் அடையாளம். கொடுத்தவர் முன்னால் அதைக் கழற்றுவது மரியாதை ஆகாது. மாலையின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது பேருக்கும் மாலை கட்டுவது பெரும் செலவு என்பதால், வயதில் மூத்தவர்களுக்கும் விழா நாயகருக்கும் மட்டும் ஆர்க்கிட் மாலை கட்டச் சொல்லுங்கள். ஒரு மாலைக்கு ஏறக்குறைய ஐம்பது பூக்கள் தேவைப்படும். மற்றவர்களுக்கு மணிக்கட்டில் கட்டும் சிறு சரம் போதும். அதற்குக் காகிதப்பூ நல்லது. தண்ணீர் இல்லாமலே மாலை முழுவதும் நிற்கும். நூலுக்குப் பதில் வாழைநாரில் கட்டினால் மறுநாள் அப்படியே உரக்குழியில் போட்டுவிடலாம்.

செம்பருத்தி, 1960இல் நாட்டின் மலராக அறிவிக்கப்பட்டது. காதோரம் செருகிக்கொள்ள அதைவிட அழகான பூ இல்லை. ஆனால் அது காலையில் மலர்ந்து பொழுது சாயும் வேளையில் சுருங்கிவிடும். காலையில் மலர்ந்தவுடன் பறித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விருந்தினர் வரும்போது வெளியே எடுத்தால் இரவு வரை விரிந்தே இருக்கும்.

ஹவாய் மாலைகளில் பெரிதும் இடம்பெறும் கெம்போஜாப் பூவை, அதாவது ஈழத்தலரியை, நம் ஊரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே அது இடுகாட்டு மரமாகக் கருதப்படுவதால், மலாய் விருந்தினருக்கும் நம் பெரியவர்களுக்கும் மனம் சங்கடப்படும். அரளியை உணவுக்கும் பானத்துக்கும் அருகில்கூடக் கொண்டு வராதீர்கள்; அதன் பூ, இலை, தண்டு அனைத்தும் நஞ்சு. கோயில் மாலையில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் தட்டை அலங்கரிக்கவும் எடுத்துவிடுகிறார்கள். தட்டில் வைப்பதற்கு வாழையிலை, பாண்டான் எனும் ரம்பை இலை, சங்குப்பூ ஆகியவை போதும்.

சமையல்

இந்தப் பகுதியில்தான் விருந்து நிற்கிறது. தீவு உணவின் அடிப்படை மூன்று: தேங்காய்ப்பால், நெருப்பில் நேரே சுட்ட மீன், கிழங்கு. மூன்றும் நம் கைக்குப் பழகியவை.

முதலில் தேங்காய்ப்பால். முப்பது பேருக்கு 3 கிலோ அரிசியும், கிலோவுக்கு இரண்டு தேங்காய் என்ற கணக்கில் ஆறு தேங்காயும் சோற்றுக்கு வேண்டும். கீரைக்கும் இனிப்புக்கும் வேண்டியதையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு தேங்காய் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் அரைத்துப் பிழிந்த பாலைக் காலையிலேயே வாங்கி அடுப்படியில் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. நம் வெயிலில் பச்சைத் தேங்காய்ப்பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். இரண்டாவது விருந்தில் எனக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. கீரையில் ஊற்றியபின்தான் வாடை தெரிந்தது, ஒரு பானை முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. பிற்பகலில் வாங்குங்கள், உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். சமைத்த உணவுக்கும் ஒரு வரம்பு உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும் என்பதால், மேசையில் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பாமல், பாதியைச் சூடாக உள்ளேயே வைத்திருந்து பிறகு கொண்டு வாருங்கள்.

சோற்றில் முடிந்துபோட்ட பாண்டான் இலை நான்கும், தட்டிய இஞ்சித் துண்டும், உப்பும் சேர்த்து, முதலில் தண்ணீரும் இரண்டாம் பாலும் ஊற்றி வேகவிட்டு, சோறு முக்கால் பதம் வந்தபின் முதற்பாலை விட்டுக் கிளறி மூடினால் அடிப்பிடிக்காது.

மீனுக்கு ஊத்தான் மெலிந்தாங்கைப் போல் படகுகள் வந்து இறங்கும் ஊரில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நடுத்தர அளவுக் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) 5 கிலோ வாங்கினால் ஆளுக்கு ஒன்று வரும். மஞ்சள், உப்பு, அரைத்த மிளகாய், புளிக்கரைசல், நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) ஆகியவற்றைப் பூசி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வாழையிலையைத் தணலின் மேல் ஒருமுறை காட்டி வாட்டினால் கிழியாமல் மடியும். மீனை அதில் பொதிந்து ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். சிரட்டைக் கரி நின்று எரியும், புகையும் குறைவு. கரியின் மேல் சாம்பல் வெண்மையாகப் படியும் வரை, ஏறத்தாழ அரை மணி நேரம், பொறுத்திருக்க வேண்டும். தீ நாக்கு தெரியும்போது வைத்தால் இலை கருகி மீன் வேகாமல் நிற்கும். பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் கணக்கு.

ஹவாயிலும் ஃபிஜியிலும் குழி தோண்டிக் கற்களைச் சுட வைத்து அதற்குள் உணவைப் புதைத்துச் சமைப்பார்கள். ஃபிஜியில் அதற்கு லோவோ என்று பெயர். இதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆற்றிலிருந்து எடுத்த கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும். சூடேறும்போது அது வெடித்துச் சிதறும். அந்தக் கலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் குழி அடுப்பில் இறங்க வேண்டாம். வாழையிலைப் பொதியைத் தணலில் சுட்டாலே அந்த மணம் பெரும்பாலும் வந்துவிடும்.

கோழிக்கு அன்னாசிச் சாறு நல்ல ஊறல். அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி இறைச்சியின் புரதத்தை உடைத்து மென்மையாக்குகிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் மேற்பகுதி மாவாகிவிடும். நான்கு கோழிகளைத் துண்டுகளாக்கி, சுடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகச் சாற்றில் போட்டால் சரியாக இருக்கும். இதே நொதியால்தான் பச்சை அன்னாசியைச் சேர்த்த ஜெலட்டின் இனிப்பு கட்டியாவதில்லை. அகார் அகார் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவதால் அதை இந்த நொதி ஒன்றும் செய்யாது, சைவத்துக்கும் ஹலாலுக்கும் பொருந்தும், வெளியிலேயே உறையும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூளை நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் அன்னாசிச் சாற்றையும் துண்டுகளையும் சேர்த்து, வெட்டிய சிரட்டைகளில் ஊற்றிவிடுங்கள்.

லூஆவ் என்ற பெயருக்கே காரணமான சேப்பங்கீரை தேங்காய்ப்பால் கறி இல்லாமல் விருந்து நிறைவு பெறாது என்பது என் கருத்து. நம் பாட்டிமார் சேம்பிலையில் சமைத்தவர்கள்தாம். நாக்கு அரிக்கும் என்று நாம் விட்டுவிட்டோம். அரிப்புக்குக் காரணம் இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். உண்பதற்கென்று சந்தையில் விற்கும் இலையை மட்டும் வாங்குங்கள். சாக்கடையோரம் தானாக முளைத்திருக்கும் கெலாடியை, அதாவது காட்டுச் சேம்பை, பறிக்காதீர்கள். காம்பையும் தடித்த நரம்பையும் நீக்கி, குறைந்தது முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரை வடித்துக் கொட்டி, பிறகு வதக்கிய வெங்காயம், உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து மேலும் கால்மணி நேரம் மெல்லிய தீயில் வையுங்கள். இலை கிடைக்காவிட்டால் பாயாம் எனும் முளைக்கீரையில் செய்யலாம். சுவை வேறு, ஆனால் பத்து நிமிடத்தில் முடியும்.

சைவ விருந்தினருக்குத் தனி அடுப்பும் தனி இடுக்கியும் ஒதுக்குங்கள். சுட்ட சோளம், புளிக்கவைத்த சோயாவில் செய்யும் தெம்பே, மரவள்ளிக்கிழங்கு, பிஞ்சுப் பலாக் கறி ஆகியவை அவர்களுக்குப் போதிய வகை தரும். சோற்றுக்கான சம்பாலில் பெலாச்சான் எனும் இறால் விழுதும் நெத்திலியும் சேர்த்துவிட்டு "இது வெறும் மிளகாய்தான்" என்று பரிமாறிவிடுகிறோம். சைவச் சம்பாலை முதலிலேயே தனியாக அரைத்து, பெயர் எழுதி வையுங்கள். மலாய் நண்பர்கள் வருவார்களாயின் கோழியை ஹலால் கடையில் வாங்குவதும், மது பரிமாறாமல் இருப்பதும், பன்றி இறைச்சி சமைத்திராத பாத்திரங்களைப் பயன்படுத்துவதும் கடமை. மாட்டிறைச்சி வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த வரம்புகளுக்குள் சமைத்தால் ஒரே பாயில் எல்லோரும் உட்கார்ந்து உண்ண முடியும்.

இனிப்புக்குச் சவ்வரிசி வேகவைத்து, உப்பிட்ட தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா எனும் தென்னங்கருப்பட்டிப் பாகும் ஊற்றிக் கொடுங்கள். வேறொன்றும் தேவையில்லை.

குடிக்க

ஆளுக்கு ஓர் இளநீர் என்று வாங்கினால் பாதி வீணாகும். பதினைந்து இளநீர் வாங்கி, பெரியவர்களுக்கு மட்டும் காயாகக் கொடுத்து, மற்றவற்றை வழுக்கையோடு பெரிய பானையில் ஊற்றிப் பனிக்கட்டி சேருங்கள். வெட்டுவதைப் பாராங் எனும் வெட்டுக்கத்தி பிடித்துப் பழகிய ஒருவரிடம் மட்டும் விடுங்கள். பிள்ளைகள் எட்டத்தில் நிற்கட்டும். பனிக்கட்டி ஆளுக்கு அரை கிலோ வீதம் 15 கிலோ வேண்டும். குடிப்பதற்கான கட்டியையும் புட்டிகளைக் குளிரவைக்கும் கட்டியையும் கலக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சங்குப்பூப் பானம் செய்யுங்கள். ஒரு கைப்பிடி உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஆழ்கடல் நீலத்தில் சாறு கிடைக்கும். குவளையில் சர்க்கரைப் பாகும் பனிக்கட்டியும் போட்டு நீலத்தை ஊற்றி, லிமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சையை அவர்கள் கையாலேயே பிழியச் சொல்லுங்கள். புளிப்புப் பட்டவுடன் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்துக்காகவே இதை நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

உடை, இசை, விளையாட்டு

அழைப்பிலேயே "பாத்தேக் சட்டை அல்லது கைலி" என்று எழுதிவிட்டால் உடைக் கேள்வி தீர்ந்தது. எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, செலவில்லை.

இசைக்கு உகுலேலே வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் கிடைத்தால் ஒலிபெருக்கியே வேண்டாம். ஹவாய் மக்களின் இசைக்கருவி என்று உலகம் அறிந்துள்ள உகுலேலே, போர்த்துகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சிறு கிட்டாரிலிருந்து உருவானது. அவர்கள் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலூலுவில் இறங்கிய ஆண்டும் 1879தான். லியோனிடாஸ் ஃபிஜியை அடைந்த அதே ஆண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் கூடியிருக்கும் முற்றத்தில் இந்தக் கருவி ஒலிப்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

விளையாட்டுக்கு உறியடியும் பல்லாங்குழியும் இருக்கின்றன. சிரட்டைகளைக் கவிழ்த்துத் துளையிட்டுக் கயிறு கோத்து, அவற்றின் மேல் ஏறி நடக்கும் பந்தயம் சிறுவர்களை ஒரு மணி நேரமாவது கட்டிப்போடும். சிரட்டையின் விளிம்பை மட்டும் முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்து வையுங்கள்.

மறுநாள் காலை

இலை, பூ, நார், பழத்தோல் ஆகியவற்றை உரக்குழியில் போடுங்கள். ஓலையையும் மட்டையையும் கொல்லையில் குவித்துக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். நறுக்கித் தென்னையின் அடியில் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும். இளநீர் மட்டையைப் பிய்த்து ஆர்க்கிட் தொட்டிகளில் வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை சிரட்டைகளும் இளநீர்க் கூடுகளும்தான். முப்பது பேர் உண்ட விருந்தில் நாற்பது ஐம்பது கிண்ணங்களாவது மிஞ்சும். வேலிக்குப் பின்னால் வீசினால் ஒரு மழைக்கு அத்தனையிலும் தண்ணீர் நிற்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிப் பறந்துவிடும். டிங்கி காய்ச்சல் நம் தாமான்களுக்குப் புதிதல்ல. இளநீர்க் கூடுகளை இரண்டாகப் பிளந்து கவிழ்த்துக் காயவைத்து, வெயிலில் உலர்ந்தபின் அடுத்த விருந்தின் அடுப்புக்கு எடுத்து வையுங்கள். சிரட்டைகளைக் கழுவித் துடைத்துக் கூரைக்கு அடியில் கவிழ்த்து அடுக்குங்கள். புடவைகளை அவிழ்க்கும்போது மடிப்புகளுக்குள்ளும், பாய்களுக்கு அடியிலும், பூச்சாடிகளின் தட்டிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த மழை பெய்த மறுநாள் காலையில் கொல்லையை இன்னொரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பிள்ளைகள் விளையாடிவிட்டு மறந்துபோன சிரட்டை ஒன்றிரண்டு எப்படியும் புல்லுக்குள் கிடக்கும்.